வெளி மைதானத்தில் ஃப்ளாஷ் போட்டால் படம் வெளுத்துப்போகிறதா? கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

வெளி மைதானத்தில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த விளையாட்டுப் படம் வெளுத்துப்போனால், எல்லாரும் முதலில் கை வைப்பது ஃப்ளாஷின் பவரில்தான். 1/1-ஐ (முழு பவர்) 1/4 ஆக்குவார்கள், 1/16 ஆக்குவார்கள். படம் அப்படியே வெள்ளையாக இருக்கும். பகலில் அந்தப் படத்தை பர்ன் ஆக்கியது பெரும்பாலும் வெயில். ஷட்டர் ஸ்பீடை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாமல் தடுத்ததுதான் ஃப்ளாஷ் செய்த வேலை. இரவு ஆட்டத்தில் கதை நேர் எதிர். அங்கே குற்றவாளி ஃப்ளாஷேதான். எது காரணம் என்று தெரியாமல் எதைக் குறைத்தாலும் பலன் கிடைக்காது.

தொடங்குமுன் ஒன்று: ஆட்டக்காரர் முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிப்பதைப் பல போட்டிகளில் அனுமதிப்பதில்லை. கண் கூசினால் பந்து தவறும், கால் தவறும், அடி படும். அமைப்பாளரிடமோ நடுவரிடமோ கேட்டுவிட்டுத்தான் ஃப்ளாஷை மாட்ட வேண்டும். பரிசளிப்பு, அணிப் படம், ஆட்டம் முடிந்தபின் எடுக்கும் படங்கள் என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை.

எந்த வெளிச்சத்தை எது கட்டுப்படுத்துகிறது

ஃப்ளாஷ் போட்ட ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சம் இருக்கிறது: அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம் (வெயில், மைதான விளக்கு) ஒன்று, ஃப்ளாஷ் தருவது ஒன்று. ஷட்டர் ஸ்பீடு முதலாவதை மட்டும் கூட்டிக் குறைக்கும். ஃப்ளாஷின் பவரும், ஃப்ளாஷுக்கும் ஆளுக்கும் உள்ள தூரமும் இரண்டாவதை மட்டும் மாற்றும். அப்பர்ச்சரும் (லென்ஸின் துவார அளவு) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளியுணர்வு) இரண்டையும் சேர்த்தே மாற்றும். விதிவிலக்கு ஹைஸ்பீடு சிங்க் (மிக வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் போட உதவும் முறை, படி 3-இல் வரும்). அதில் ஷட்டரை வேகமாக்கினால் ஃப்ளாஷின் வெளிச்சமும் குறையும். இந்த நான்கு வரி மனதில் நின்றால் கீழே வரும் எல்லாமே புரிந்துவிடும்.

படி 1: எது வெளுத்திருக்கிறது என்று பாருங்கள்

கேமராவின் பிளேபேக் மெனுவில் ஹைலைட் வார்னிங்கை ஆன் செய்யுங்கள். விவரம் போன இடங்கள் திரையில் கண்சிமிட்டும். திரையின் பிரகாசத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத் தெரியும், இரவில் எல்லாப் படமும் பளிச்சென்று தெரியும்.

புல்தரை, வானம், கேலரி, ஆட்டக்காரர் என்று எல்லாமே கண்சிமிட்டினால் அது வெயில். பின்னணி சரியாக இருந்து ஆட்டக்காரரும் அவருக்கு முன்னால் உள்ள பொருள்களும் மட்டும் சிமிட்டினால் அது ஃப்ளாஷ். தொடர் ஷாட்டில் முதல் படம் வெள்ளை, அடுத்த இரண்டு மூன்று படங்கள் சரி என்றால் சந்தேகமே வேண்டாம், ஃப்ளாஷ்தான். முதல் படத்துக்கே மொத்த சார்ஜையும் கொட்டிவிட்டு, மறுபடி ஏறுவதற்குள் அடுத்த படங்கள் ஃப்ளாஷ் இல்லாமல் பதிவாகியிருக்கின்றன.

சிவப்பு ஜெர்சி அணிகளுக்கு ஹிஸ்டோகிராமை (படத்தின் பிரகாசப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஆர்ஜிபி வகையில், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகத் தெரியும்படி வையுங்கள். மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரியும். சிவப்புச் சேனல் மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். துணியின் மடிப்பெல்லாம் மறைந்து ஜெர்சி ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஃப்ளாஷை ஆன் செய்ததும் பல கேமராக்கள் வியூஃபைண்டரில் எக்ஸ்போஷர் எப்படி இருந்தாலும் தெளிவான, சீரான பிரகாசத்தில் காட்சியைக் காட்டும். நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) ஓவராக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

படி 2: ஃப்ளாஷை அணைத்து ஒரு படம், ஆனால் மேனுவலில்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் (அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் மோட்) இருந்தபடியே ஃப்ளாஷை அணைத்தால், தடை நீங்கியதும் கேமரா ஷட்டரை 1/3200-க்கு ஏற்றிவிடும். படம் அழகாக வரும். 'பார்த்தீர்களா, ஃப்ளாஷ்தான் காரணம்' என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வெளுத்த படத்தின் விவரத்தைத் திறந்து ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மோட் டயலை எம்-க்குத் திருப்புங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவை ஆஃப் செய்யுங்கள். அதே மூன்று எண்களை வையுங்கள். ஃப்ளாஷை அணைத்து, அதே இடத்தை எடுங்கள்.

படம் இன்னும் வெள்ளையா? படி 3. சரியாகவோ இருட்டாகவோ வந்துவிட்டதா? படி 4.

படி 3: வெயிலால் வெளுத்தால்

ஃபோகல் பிளேன் ஷட்டரில் இரண்டு திரைகள். ஃப்ளாஷ் மின்னும் அந்தக் கணத்தில் சென்சார் முழுவதும் திறந்திருக்க வேண்டும். அப்படித் திறந்திருக்கும் மிக வேகமான ஷட்டர் ஸ்பீடுதான் சிங்க் ஸ்பீடு. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250. அதைவிட வேகமாகப் போனால் முழு ஃப்ரேமும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஒரு பட்டை மட்டும் நகர்ந்து போகும். ஆகவே ஃப்ளாஷ் ஆனில் இருந்தால் கேமரா சிங்க் ஸ்பீடைத் தாண்ட மறுக்கும்.

கணக்கைப் பாருங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 என்றால் ஷட்டர் சுமார் 1/100. பின்னணி மங்க வேண்டும் என்று எஃப்/2.8 வைத்தால் ஐந்து ஸ்டாப் திறந்திருக்கிறீர்கள். தேவைப்படும் ஷட்டர் 1/3200. கேமரா தருவதோ 1/200. வித்தியாசம் 4 ஸ்டாப், அதாவது 16 மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 400-இல் இருந்தால் 6 ஸ்டாப். ஆட்டோ ஐஎஸ்ஓவில் ஃப்ளாஷ் மாட்டியதும் 400-இல் போய் நிற்கும் கேமராக்களும் உண்டு, அதையும் கவனியுங்கள். நிக்கான் இந்த நிலையில் ஷட்டர் எண் வரும் இடத்தில் 'ஹை' என்று காட்டும். கேனானில் ஷட்டர் எண் சிமிட்டும். ஆட்டத்தின் விறுவிறுப்பில் இதைப் பார்க்கத் தவறுவதுதான் வழக்கம்.

தீர்வு இரண்டு.

ஆள் நின்றிருந்தால்: எம் மோட், 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ 100. அணிப் படத்துக்கும் கோப்பை வாங்கும் படத்துக்கும் இது போதும். ஓடுகிறவருக்கு இது ஒத்துவராது. 1/200-இல் வெயில் அவரைக் கலங்கலாகப் பதிக்கும், ஃப்ளாஷ் கூர்மையாகப் பதிக்கும். இரண்டும் சேர்ந்து கை கால்களைச் சுற்றி நிழலுருவம் படியும்.

ஆள் ஓடினால்: ஹைஸ்பீடு சிங்க். கேனான் ஃப்ளாஷில் மின்னல் குறியும் எச் எழுத்தும் உள்ள சிங்க் முறையைத் தேர்ந்தெடுங்கள். நிக்கானில் கேமராவின் கஸ்டம் மெனுவில் ஃப்ளாஷ் சிங்க் ஸ்பீடை 'ஆட்டோ எஃப்பி' என்று உள்ள எண்ணில் வையுங்கள். கேமரா, ஃப்ளாஷ், நடுவில் ட்ரிக்கர் (தள்ளி வைத்த ஃப்ளாஷை மின்ன வைக்கும் கருவி) இருந்தால் அது, மூன்றுமே இதை ஆதரிக்க வேண்டும். பிறகு ஐஎஸ்ஓ 100, எஃப்/4, 1/1600 என்று தொடங்குங்கள். பின்னணி கொஞ்சம் அடர்த்தியாக வேண்டுமென்றால் 1/2500.

ஹைஸ்பீடு சிங்க்கில் ஃப்ளாஷ் ஒரே வெட்டாக மின்னாமல் படபடவென்று தொடர்ந்து மின்னும். அதில் பெரும்பகுதி வெளிச்சம் வீணாகும். 200 மிமீ ஜூமில் கைடு நம்பர் (ஃப்ளாஷின் வலிமையைக் காட்டும் எண்) 60 உள்ள ஃப்ளாஷ்கூட 1/1600, எஃப்/4, ஐஎஸ்ஓ 100-இல் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் உருப்படியாக எட்டாது. மைதானத்தின் மறுபக்கம் ஓடுகிறவருக்கு ஃப்ளாஷே வேண்டாம். கழற்றிவிட்டு 1/2000-இல் எடுங்கள், படம் சுத்தமாக இருக்கும். ஃப்ளாஷுக்குப் பகலில் உள்ள உண்மையான வேலை, வெயிலுக்கு முதுகு காட்டி அருகில் நிற்கிறவரின் முகத்து நிழலைத் தூக்குவது.

2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III-இல் குளோபல் ஷட்டர் இருப்பதால் இந்த சிங்க் எல்லையே கிடையாது. மற்றவர்கள் கணக்குப் போட்டாக வேண்டும்.

படி 4: ஃப்ளாஷால் வெளுத்தால்

முதலில் ஃப்ளாஷின் திரையைப் பாருங்கள். டிடிஎல் (பவரைக் கேமராவே அளந்து வைக்கும் முறை) என்று இருக்கிறதா, எம் 1/1 என்று இருக்கிறதா? முந்தைய வேலையில் எம்-இல் விட்டுவிட்டு மறந்திருப்பது சாதாரணம். டிடிஎல் என்று காட்டியும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முழு பவர் போய், ரெடி விளக்கு எரியப் பல விநாடி எடுத்தால், ஹாட் ஷூவில் (கேமராவில் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) தொடர்பு சரியில்லை. இரண்டையும் அணைத்து, ஃப்ளாஷைக் கழற்றி, அடிப்பகுதி ஊசிகளையும் ஷூவின் உலோகப் புள்ளிகளையும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, கடைசி வரை தள்ளி லாக் போடுங்கள். வியர்வையும் புழுதியும் படிவதால் மைதானத்தில் இது அடிக்கடி வரும். நடுவில் ஒரே ஒரு ஊசி உள்ள ட்ரிக்கருக்கு டிடிஎல் தெரியாது. அதில் பவரைக் கையால்தான் வைக்க வேண்டும்.

டிடிஎல் ஒழுங்காக வேலை செய்தும் ஆட்டக்காரர் வெளுக்கலாம். ஷட்டர் திறப்பதற்குச் சற்று முன் ஃப்ளாஷ் சின்னதாக ஒரு முன்மின்னல் விடும். திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து கேமரா பவரை முடிவு செய்யும். இரவு மைதானத்தில் ஃப்ரேமின் ஓரத்தில் ஒரு சின்ன உருவம், பின்னால் வெறும் இருட்டு என்றால் திரும்பி வருவது மிகக் குறைவு. கேமரா பவரை ஏற்றும், முகம் சுண்ணாம்பாகும். கறுப்பு ஜெர்சிக்கும் இதே கதி. ஃப்ளாஷ் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (ஃப்ளாஷின் வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) −1 வைத்துத் தொடங்குங்கள். இருட்டுப் பின்னணி அதிகமென்றால் −2 வரை போகலாம். நேரம் இருந்தால் ஆளின் மீது ஃப்ளாஷ் எக்ஸ்போஷர் லாக் (ஆளை வைத்து அளந்த பவரைப் பூட்டி வைப்பது) போட்டுவிட்டு ஃப்ரேமை மாற்றுங்கள்.

காம்பன்சேஷனில் ஒரு குழப்பம் உண்டு. கேனானில் சாதாரண எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் இருக்கும் வெளிச்சத்தை மட்டும் மாற்றும். நிக்கான், சோனி பாடிகள் பலவற்றில் அது ஃப்ளாஷையும் சேர்த்து இழுக்கும். பின்னணிக்கு மட்டும் என்று மெனுவில் மாற்றிக்கொள்ளலாம்.

ஐஎஸ்ஓவும் தூரமும்தான் இரவில் அதிகம் கெடுப்பவை. கைடு நம்பரை எடுத்துப் பார்ப்போம்: தூரம் பெருக்கல் எஃப் எண், ஐஎஸ்ஓ 100-க்கு. அதே கைடு நம்பர் 60 ஃப்ளாஷ். 10 மீட்டர், எஃப்/2.8 என்றால் தேவை 28. ஐஎஸ்ஓ 1600-இல் அது நாலில் ஒன்றாகி 7 ஆகும். 60-இலிருந்து 7-க்கு இறங்க, பவர் சுமார் 1/64 போதும். அதே ஆள் ஓடி வந்து 5 மீட்டரில் நின்றால் 1/256 வேண்டும். பல ஃப்ளாஷ்கள் 1/128-க்குக் கீழே இறங்குவதில்லை. டிடிஎல் எவ்வளவு சரியாக அளந்தாலும் ஒரு ஸ்டாப் ஓவர் ஆகியே தீரும். ஐஎஸ்ஓவை 400-க்குக் குறையுங்கள். 5 மீட்டருக்கு 1/64 சரியாகப் பொருந்தும். பின்னணி இருட்டுமே என்றால், ஐஎஸ்ஓவை விட்டுவிட்டு ஃப்ளாஷ் தலையின் ஜூமை 200-இலிருந்து 50-க்கோ 35-க்கோ மாற்றுங்கள். வெளிச்சம் பரவி ஆள் மேல் விழுவது குறையும்.

தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. இறுதிக்கோடு, கூடைப்பந்து வளையம் போல ஆள் வந்து சேரும் இடம் மாறாதென்றால் டிடிஎல்லை விட்டுவிட்டு மேனுவல் பவருக்குப் போங்கள். அந்த இடத்தில் ஒருவரை நிற்கவைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்து, முகம் சிமிட்டினால் பவரை ஒரு படி இறக்குங்கள். அதன்பின் ஜெர்சி கறுப்பானாலும் வெள்ளையானாலும் பவர் மாறாது. அருகில் உள்ள வலை, கம்பம், முன்வரிசைத் தலை எல்லாம் ஆட்டக்காரரைவிட அதிக வெளிச்சம் வாங்கும் என்பதால் நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

ஆட்டக்காரரின் காலணியிலோ உடையிலோ ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை இருந்தால், அது மட்டும் பல்பு எரிவது போல வெள்ளையாகும். வந்த வழியே ஒளியைத் திருப்பும் பொருள் அது, பவரைக் குறைத்து மாளாது. ஃப்ளாஷை ட்ரிக்கரில் மாட்டி, லென்ஸிலிருந்து ஒன்றிரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

எதிலும் அடங்காவிட்டால் லென்ஸ்

ஃப்ளாஷ் இல்லாமல், எம் மோடில், மாறாத வெளிச்சத்தில் இரண்டு படம்: எஃப்/2.8, 1/3200 ஒன்று. எஃப்/16, 1/100 ஒன்று. இரண்டும் ஒரே பிரகாசத்தில் வர வேண்டும். இரண்டாவது மட்டும் வெள்ளையாக வந்தால் அப்பர்ச்சர் இதழ்கள் மூடவில்லை. எண்ணெய் படிந்தோ பழுதாகியோ இருக்கும். சர்வீஸுக்குக் கொடுங்கள்.

ஏற்கெனவே வெளுத்த படங்கள்

ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்திருந்தால் எக்ஸ்போஷரையும் ஹைலைட்டையும் இறக்கிப் பாருங்கள். ஒரு ஸ்டாப் அளவுக்கு ஓவரானவை பெரும்பாலும் மீளும். மூன்று சேனலும் நிரம்பிய இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது. இறக்க இறக்க அது சாம்பல் நிறத் திட்டாக மாறும். ஜேபெக்கில் அந்த வசதியும் மிகக் குறைவு. வெயில், இரவு ஆட்டங்களுக்கு ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியுங்கள், கார்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.