மயோர்க்கா தீவை முதன்முறையாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி? மலையூரில் தொடங்கும் ஒரு வாரப் பயணத்திட்டம்

மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்கு உரிய பலேயரிக் தீவுகளில் மிகப் பெரியது மயோர்க்கா. விமான நிலையத்திலிருந்து நேரே கடற்கரை விடுதிக்குப் போய், ஒரு வாரத்தை மணலிலேயே கழித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இங்கு ஏராளம். அவர்கள் தீவின் பாதி அழகைக்கூடப் பார்க்கவில்லை என்றே நான் கருதுகிறேன். மலையூர்களை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கடலுக்கு இறங்க வேண்டும். வடமேற்கில் மலையாக நிற்பதும், ஊர்களில் மதிலாகவும் தோட்ட வரப்பாகவும் அடுக்கப்பட்டிருப்பதும், கிழக்குக் கரையில் கடல் புகுந்து சிறு குடாக்களாகியிருப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லே. அந்தக் கல்லை மலையில் பார்த்துப் பழகியவருக்குக் கடற்கரையின் அழகு இன்னும் தெளிவாகப் புலப்படும். முதன்முறை செல்பவர்களுக்காக அந்த வரிசையிலேயே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே மாதமும் செப்டம்பர் மாதமும் மிகப் பொருத்தமானவை. மே மாதத்தில் மலைப்பாதைகளில் வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். செப்டம்பரில், கோடை முழுவதும் சூடேறிய கடல்நீர் நீந்துவதற்கு இதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நெரிசலும் வெப்பமும் வாடகையும் ஒருசேர ஏறிவிடுவதால், பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் மட்டும் அப்போது செல்லலாம். நீந்தும் எண்ணமே இல்லாதவர்களுக்குப் பிப்ரவரி மாதத்தைச் சொல்வேன். தீவின் நடுச் சமவெளியில் பாதாம் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடக்கும் காலம் அது.

படி 2: விசா, விமானம்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் வேண்டும். பார்சிலோனா அல்லது மாட்ரிட் வரை சென்று, அங்கிருந்து தலைநகரான பால்மாவுக்கு உள்நாட்டு விமானம் ஏறலாம். பார்சிலோனாவிலிருந்து கப்பலும் உண்டு.

படி 3: வரைபடத்தை விரித்துத் தங்குமிடத்தை முடிவு செய்யுங்கள்

தீவின் பரப்பு ஏறத்தாழ 3,640 சதுர கிலோமீட்டர். வடமேற்குக் கரையை ஒட்டிச் சுமார் 90 கிலோமீட்டர் நீளத்துக்கு செர்ரா டெ த்ரமுந்தானா மலைத்தொடர் ஓடுகிறது. த்ரமுந்தானா என்பது வடக்கிலிருந்து வீசும் காற்றின் பெயரும்கூட. நாம் வாடை என்று சொல்வதைப் போல. நடுவில் சமவெளி, கிழக்கிலும் தென்கிழக்கிலும் சிறு குடாக்கள், தெற்கில் நீண்ட மணற்கரை என்று மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். ஏழு நாட்களுக்கு ஏழு விடுதிகளைப் பதிவு செய்யாதீர்கள். மூன்று இரவுகள் சோயேர் என்ற மலையூரிலும், எஞ்சியவை பால்மாவிலும் தங்குவது நல்லது. பால்மாவிலிருந்து எல்லாத் திசைகளுக்கும் அரசுப் பேருந்துகள் செல்வதால், கார் ஓட்டத் தயங்குகிறவர்களும் தீவின் பெரும்பகுதியைப் பார்த்துவிட முடியும்.

படி 4: சோயேர் பள்ளத்தாக்கில் நடங்கள்

பால்மாவிலிருந்து சோயேருக்கு 1912-இல் தொடங்கப்பட்ட ரயில் இன்றும் மரப்பெட்டிகளோடு ஓடுகிறது. 27 கிலோமீட்டர் பாதையில் 13 சுரங்கங்கள் உள்ளன. மலையைக் குடைந்து செல்லும் நீண்ட சுரங்கத்தின் இருட்டிலிருந்து வெளியே வரும்போது, கீழே ஆரஞ்சுத் தோட்டங்களும் அவற்றின் நடுவே ஊரும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். அதைக் காண்பதற்காகவே பேருந்தைத் தவிர்த்து, ஒருமுறையாவது ரயிலில் செல்ல வேண்டும்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே சோயேரிலிருந்து பினியராய்ஷ் வழியாக ஃபோர்னலுச் வரை நடந்து செல்லுங்கள். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். பினியராய்ஷ் என்ற பெயரே ஒரு வரலாற்றுச் சுவடு: 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1229 வரை தீவு முஸ்லிம் ஆட்சியில் இருந்தது, இன்னாருடைய மக்கள் என்ற பொருளில் வழங்கிய அரபுச் சொல்தான் "பினி" என்று ஊர்ப்பெயர்களின் முன்னால் தங்கிவிட்டது. மலைச்சரிவில் நீரைத் திருப்பிக் கொண்டுவரும் வாய்க்கால் முறையும் அக்காலத்தின் கொடையே.

வழியில் ஒரு கல்சுவரின் அருகே சற்று நில்லுங்கள். சாந்து இல்லை, சிமெண்ட் இல்லை. ஒரு கல்லின் வளைவுக்குள் அடுத்த கல்லின் முனை பொருந்தி, இடைவெளிகளில் சில்லுகள் செருகப்பட்டு, மழைநீர் உள்ளிருந்து கசிந்து வெளியேற வழிவிட்டு நிற்கும் சுவர் அது. நீர் வடிந்துவிடுவதால் பின்னாலுள்ள மண் சுவரைத் தள்ளிச் சாய்ப்பதில்லை. இப்படி ஆயிரக்கணக்கான சுவர்கள் தாங்கிப் பிடித்திருக்கும் அடுக்கு நிலங்களில்தான் முறுக்கேறிய பழைய ஒலிவ மரங்கள் நிற்கின்றன. 2011-இல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இயற்கைக் காட்சி என்ற வகையில் அல்லாமல், மனித உழைப்பு உருவாக்கிய பண்பாட்டு நிலக்காட்சி என்ற வகையில் சேர்த்தது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

ஃபோர்னலுச் சேர்ந்ததும் வீடுகளின் இறவாணத்தை அண்ணாந்து பாருங்கள். கூரையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓடுகளின் அடிப்பக்கத்தில் செங்காவி நிறத்தில் கோலங்களும் பூக்களும் தீட்டப்பட்டிருக்கும். குனிந்த தலையோடு நடப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். இன்னொரு நாள் வால்டெமோசாவுக்குப் பேருந்தில் சென்றால், அங்கே வாசல்தோறும் பதித்த பீங்கான் ஓடுகளில், அவ்வூரில் பிறந்த புனித கத்தலினா தொமாஸின் படங்களைக் காணலாம்.

படி 5: சா கலோப்ராவுக்குப் படகில் செல்லுங்கள்

வடமேற்குக் கரையில் உள்ள சா கலோப்ரா என்ற சிற்றூருக்கு இறங்கும், 1932-இல் அமைக்கப்பட்ட மலைச்சாலை, ஓரிடத்தில் தன்னையே சுற்றித் தன் அடியிலேயே புகுந்து செல்லும் அளவுக்கு வளைவுகள் நிறைந்தது. மலைச்சாலைப் பழக்கம் இல்லாதவர்கள் அங்கே வாடகைக் காரை ஓட்ட வேண்டாம். சோயேர் துறைமுகத்திலிருந்து படகு செல்கிறது. செங்குத்தான பாறைக்கரையைக் கடலிலிருந்து பார்ப்பதே கூடுதல் அழகு. இறங்கியதும் நடைபாதைச் சுரங்கத்தின் வழியே சென்றால், இருபுறமும் பாறைச்சுவர்கள் உயர்ந்து நிற்க, டொரெண்ட் டெ பரேய்ஸ் என்ற காட்டாறு கடலோடு சேரும் கூழாங்கல் கரையை அடையலாம். மழை பெய்த நாட்களில் ஆற்றிடுக்குக்குள் நுழையாதீர்கள்.

படி 6: காற்றைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள்

காலையில் காற்றின் திசையை அறிந்துகொண்ட பிறகே எந்தக் கடற்கரை என்று முடிவு செய்யுங்கள். வாடை வீசினால் தெற்கே செல்லுங்கள். தெற்கிலிருந்து வீசினால் வடக்கே பொயென்சா குடா அமைதியாக இருக்கும். தெற்கில் நான் முதலில் சொல்வது எஸ் த்ரெங்க். வெண்மணலும் மணல்மேடுகளும் பின்னால் உப்பளங்களுமாக இருக்கும் இப்பகுதி 2017-இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். தென்கிழக்கில் மொந்த்ரகோ பூங்காவுக்குள் இருக்கும் குடாக்கள் வேறு வகை: பழங்காலத்தில் ஓடைகள் சுண்ணாம்புக் கல்லை அறுத்து உண்டாக்கிய பள்ளங்களுக்குள் பின்னாளில் கடல்மட்டம் உயர்ந்து புகுந்ததால் உருவானவை. சமூக ஊடகப் படங்களால் புகழ்பெற்ற மிகச் சிறிய குடாக்களை விட்டுவிடுங்கள். நிற்கவும் இடம் இருக்காது.

கரையில் பழுப்பு நிறத்தில் காய்ந்த நாடாக்களைப் போலக் குவிந்து கிடப்பதைக் கண்டு அழுக்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். அது பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. பூத்துக் காய்க்கும் உண்மையான தாவரமான இதன் நார்கள் அலையில் உருண்டு, கையில் எடுத்தால் தேங்காய் நார்ப் பந்தைப் போல இருக்கும். குளிர்காலப் புயல்களில் மணல் அடித்துச் செல்லப்படாமல் காப்பது இந்தக் குவியலே. அந்த நீர் கண்ணாடியாகத் தெளிந்திருப்பதிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

படி 7: புதன்கிழமையைச் சினேயுவுக்கு ஒதுக்குங்கள்

சமவெளியில் உள்ள சினேயு ஊரில் புதன்கிழமைதோறும் சந்தை கூடும். பால்மாவிலிருந்து மனக்கோர் செல்லும் ரயிலில் போகலாம். காலை ஒன்பது மணிக்குள் சென்றுவிட்டால் ஆடு, கோழி விற்கும் பகுதியையும் பார்க்கலாம். சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை: எங்கும் விற்கப்படும் சுருள் வடிவ இனிப்பு ரொட்டியான என்சைமாதாவின் பெயரே அதில் சேரும் பன்றிக் கொழுப்பிலிருந்து வந்தது. அதற்குப் பதிலாக, தக்காளியைத் தேய்த்து ஒலிவ எண்ணெய் ஊற்றிய பா அம்ப் ஒலி என்ற ரொட்டியையும், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாய் ஆகியவற்றை அடுக்கிச் செய்யும் தும்பெத்தையும் கேளுங்கள். மேலே இறைச்சியோ மீனோ வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கடைக்காரரிடம் பேச்சைத் தொடங்கும்போது "போன் தியா" என்று அவர்களுடைய கத்தலான் மொழியில் காலை வணக்கம் சொன்னால், அவர் உங்களிடம் பேசும் விதமே மாறிவிடும்.