பட்டன் வேலை செய்யவில்லையா? நிரலைத் திருத்தும் முன் இதைப் பாருங்கள்

ஆற்காட்டு மக்கன் பேடா கடை ஒன்றுக்கு ஆர்டர் பக்கம் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆர்டர் செய்’ பட்டன் திடீரென்று அசையவே இல்லை. கிளிக் பட்டனுக்குப் போய்ச் சேரவில்லையா, சேர்ந்தபின் நிரல் உடைகிறதா? முதலில் இதைப் பிரித்துவிடுங்கள்.

1. எஃப்12 அழுத்தி, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து, பக்கத்தை ரீலோடு செய்து, பட்டனை அழுத்துங்கள். சிவப்பில் வரும் முதல் வரிதான் முக்கியம். அதில் ‘நல்’ (null, அதாவது எதுவும் கிடைக்கவில்லை) என்று இருந்தால், ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் பட்டன் இன்னும் உருவாகவில்லை, அல்லது ஐடியில் எழுத்துப்பிழை. பக்கம் முழுதும் வந்தபின் ஸ்கிரிப்ட் ஓட, ஸ்கிரிப்ட் டேகில் ‘டிஃபர்’ (defer) சேருங்கள். தனிக் கோப்பில் இருக்கும் ஸ்கிரிப்டுக்குத்தான் அது செல்லும். பக்கத்திலேயே எழுதியது என்றால் பாடி (body) டேக் முடிவதற்குச் சற்று மேலே நகர்த்துங்கள்.

2. கன்சோலில் பிழையே இல்லையா? பட்டன்மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். தேர்வாகி நிற்பது பட்டன் டேக்தானா? வேறொரு டிவ் (பக்கத்தில் உள்ள ஒரு பெட்டி) என்றால், அது பட்டனை மூடிக்கொண்டிருக்கிறது. தீபாவளிச் சலுகை பாப்-அப்பை மறைக்க ஒபாசிட்டியை (எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவை) 0 ஆக்கியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடத்தை விடாது. கிளிக்கை அதுவே வாங்கிக்கொள்ளும். அதற்கு ‘டிஸ்ப்ளே: நன்’ (display: none) கொடுங்கள். மெல்ல மங்கி மறைய வேண்டுமென்றால் ஒபாசிட்டியோடு ‘பாயின்டர்-ஈவென்ட்ஸ்: நன்’ (pointer-events: none) சேருங்கள். பட்டனின் இசட்-இண்டெக்ஸை (எது மேலே நிற்கும் என்று சொல்லும் எண்ணை) 9999 ஆக்குவது தீர்வே அல்ல. அடுத்து எப்போது உண்மையான பாப்-அப் வந்தாலும் பட்டன் அதன்மேல் துருத்திக்கொண்டு நிற்கும்.

3. தேர்வானது பட்டன்தான் என்றால், அதில் லிசனர் (கிளிக் வந்ததும் ஓட வேண்டிய நிரல்) இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஃபயர்பாக்ஸ்தான் என் தேர்வு: டேகுக்குப் பக்கத்திலேயே ‘ஈவென்ட்’ என்று காட்டிவிடும். அப்படிக் காட்டவில்லையென்றால், பக்கத்தின் ஒரு பகுதியை மாற்றி எழுதும் இன்னர்ஹெச்டிஎம்எல்-ஐ (innerHTML) ஸ்கிரிப்டில் தேடுங்கள். கால் கிலோ, அரை கிலோ என்று பட்டியலை மறுபடி எழுதும்போது பழைய பட்டனும் அதன் லிசனரும் சேர்ந்தே போய்விடும். மாறாமல் நிற்கும் வெளி டிவ்-இல் லிசனரை வையுங்கள்.

4. அழுத்தியதும் பக்கம் ரீலோடு ஆகிறதா? ஃபார்முக்குள் இருக்கும் பட்டன் இயல்பாகவே சப்மிட் செய்யும். ‘டைப்’ என்பதை ‘பட்டன்’ ஆக்குங்கள்.

திருத்தியும் மாறவில்லையென்றால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அழுத்துங்கள்; பிரவுசர் சேமித்து வைத்த பழைய கோப்பை விட்டுப் புதியதை இறக்கும்.

பிற்சேர்க்கை: போனில் மட்டும், அதுவும் சில சமயம் மட்டும் வேலை செய்யாவிட்டால் எஃப்12-இல் திறக்கும் அதே கருவியின் நெட்வொர்க் டேபில் வேகத்தை 3ஜி-க்குக் குறைத்துச் சோதியுங்கள். காட்பாடி தாண்டி ரயிலில் ஆர்டர் போடுபவருக்குப் பட்டன் முதலில் வரும், ஸ்கிரிப்ட் பிறகுதான் இறங்கும். இடைப்பட்ட கிளிக் வீண். பட்டனை ‘டிஸேபிள்ட்’ (அழுத்த முடியாதது) ஆகவே அனுப்பி, லிசனர் சேர்ந்தபின் ஸ்கிரிப்டே அதைத் திறந்துவிடட்டும்.