மைனஸ் 0.25 பிளஸ் ஆன கதை

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தபடியே விமானப் பாகங்களுக்கு ஸ்ட்ரெஸ் கணக்கு, அதாவது சுமை ஏறும்போது உடையாமல் தாங்குமா என்று பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் ஓர் அலுமினிய பிராக்கெட் மூன்று நாள் தூங்கவிடவில்லை. உலோகம் தாங்கும் தகைவை (ஸ்ட்ரெஸ், சுமையால் உள்ளே எழும் விசை, பரப்புக்கு இவ்வளவு என்று), அதில் வரும் தகைவால் வகுத்து 1 கழித்தால் மார்ஜின். அது பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. எனக்கு வந்தது மைனஸ் 0.25.

முதலில் மெஷ் மேல்தான் சந்தேகம்; கம்ப்யூட்டர் கணக்குக்காகப் பாகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் வலை அது. போல்ட் ஓட்டையைச் சுற்றி இன்னும் பொடியாக்கிப் பார்த்தேன், எண் அசையவில்லை. தடிமனைக் கூட்டலாம். ஆனால் எடை ஏறும், டிசைன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

நான்காம் நாள் மாலை, தட்டுவடை செட் கட்டி வந்த காகிதத்தின் பின்பக்கத்தில் (எண்ணெய்க் கறையோடுதான்) லோடு ஷீட்டில் (பாகத்துக்கு வரும் சுமைகளின் பட்டியல்) இருந்த எண்ணை அப்படியே வைத்துக் கையால் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. அட, 1.5!

பறக்கும் காலத்தில் எதிர்பார்க்கும் உச்சச் சுமை லிமிட் லோடு, அதை 1.5 ஆல் பெருக்கினால் அல்டிமேட். ஷீட்டிலேயே பெருக்கித்தான் கொடுத்திருந்தார்கள். நான் மறுபடியும் பெருக்கியிருக்கிறேன்.

மைனஸ் 0.25 என்றால் வகுத்து வந்தது 0.75. கூடுதலாகப் பெருக்கியதை எடுத்துவிட்டால், அதாவது 0.75-ஐ 1.5 ஆல் பெருக்கினால் 1.125. மார்ஜின் பிளஸ் 0.125. பிராக்கெட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றவில்லை.

இப்போதெல்லாம் ஃபைலின் முதல் வரியில் ‘லிமிட்டா, அல்டிமேட்டா’ என்று எழுதிவிட்டுத்தான் மெஷ் பக்கமே போகிறேன்.