அணுக்கழிவைப் புதைக்கும் பாறையைச் சோதிப்பது எப்படி?

மலேசியாவில் அணுமின்சாரப் பேச்சு மறுபடி வந்ததிலிருந்து, செந்தூலில் இருக்கும் என் அக்கா மகன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "மாமா, கழிவைப் பத்துமலை மாதிரி ஒரு பாறைக்கு அடியில் புதைச்சிட்டா என்ன? கெட்டியாத்தானே இருக்கு?"

கோலாலம்பூரில் கட்டடம் எழும்பும் முன் துளை போட்டுப் பாறையைப் பார்ப்பது 19 வருஷமாக என் வேலை. அவனுக்குக் காட்டியதையே இங்கே எழுதுகிறேன்.

பாறை கெட்டியா என்று பார்ப்பதற்கு முன், தண்ணீர் அதற்குள் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். கழிவில் இருக்கும் கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,100 வருஷம் ஆகும். அவ்வளவு காலத்தில் புதைத்ததைக் கரைத்து வெளியே கொண்டுவரக்கூடியது நிலத்தடி நீர்தான்.

துளையிலிருந்து வரும் உருளைப் பாறையை நாங்கள் கோர் என்போம். அதைப் பெட்டியில் ஆழ வரிசைப்படி அடுக்குங்கள். 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, அந்தத் தடவை துளைத்த நீளத்தில் அது நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். இதற்குப் பெயர் ஆர்.கியூ.டி., அதாவது பாறைத் தரக் குறியீடு. 90-க்கு மேல் வந்தால் மிக நல்ல பாறை என்று எழுதுவது வழக்கம்.

அந்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு உடைப்பையும் கையில் எடுத்துப் பாருங்கள். முகம் புதிதாக இருந்து, இரண்டு துண்டும் கச்சிதமாகப் பொருந்தினால் அது இயந்திரம் உடைத்தது. கணக்கில் ஒரே துண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த பழுப்பு, களிமண் பூச்சு, வெள்ளைக் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) படிவு இருந்தால் அது தண்ணீர் நடந்த தடம். ஆர்.கியூ.டி. 95 வந்த பெட்டியிலும் இப்படி ஒரே ஒரு விரிசல் மொத்த நீரையும் கடத்திவிடும். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

அப்புறம், துளை போட்டவரிடம் கேளுங்கள்: "அண்ணே, துளைக்கும்போது உள்ளே விட்ட தண்ணீர் மேலே திரும்பி வந்துச்சா?" கோலாலம்பூர்ச் சுண்ணாம்புப் பாறையில் அது சட்டென்று நின்றுவிடும். சில சமயம் துளைக்கம்பியே தானாக ஒரு மீட்டர் இறங்கும். கீழே மழைநீர் கரைத்த பொந்து. இரட்டைக் கோபுரத்தை முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டி வந்ததும் இந்தப் பாறையால்தான். பத்துமலையும் சுண்ணாம்புப் பாறையே. நாம் படியேறிப் போய்க் கும்பிடும் குகையே தண்ணீர் குடைந்ததுதான். அக்கா மகனுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

சரி, விரிசல் குறைந்த பாறை கிடைத்தால்? துளையின் ஒரு பகுதியை மேலும் கீழும் ரப்பர் உறையால் அடைத்து, அழுத்தத்தோடு தண்ணீர் செலுத்தி, பாறை எவ்வளவு குடிக்கிறது என்று அளக்க வேண்டும். ஆழத்தில் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், மின்னுகிறதா என்றும் பாருங்கள். மின்னினால் ஆக்ஸிஜன் அங்கே எட்டவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பின்லாந்தின் ஒன்கலோ என்ற நிலத்தடி அணுக்கழிவுக் கிடங்கில் 400 மீட்டருக்கும் கீழே, பயன்படுத்தி முடித்த எரிபொருளைச் செப்புக் கலங்களில் வைத்து, சுற்றிலும் ஈரம் பட்டால் உப்பும் பெண்டோனைட் களிமண்ணை அடைக்கும் திட்டம். ஆக்ஸிஜன் இல்லாத நீரில் செம்பு மிக மெதுவாகவே அரிபடும்.

இன்று நன்றாக இருப்பது மட்டும் போதாது. பனியுகத்தில் பின்லாந்தை அழுத்திய பனிப்பாளம் உருகிப் பல்லாயிரம் வருஷம் ஆகியும், ஒன்கலோ பக்கம் நிலம் வருஷத்துக்குச் சுமார் 6 மி.மீ. உயர்கிறது. அடுத்த பனிப்பாளம் வந்து போகும்போது பழைய பிளவுகள் அசையுமா என்பதையும் இன்றே கேட்டாக வேண்டும்.

சுவிட்சர்லாந்து தேர்ந்தெடுத்திருக்கும் ஒபாலினஸ் மாதிரிக் களிமண் பாறை என்றால் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. நீர் பட்டால் உப்பித் தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் பாறை அது. ஆனால் கோர் வெளியே வந்ததும் காய்ந்து வெடிக்கும். அந்தப் புது வெடிப்பைப் பழைய விரிசலாக எண்ணிவிடுவோம். அதனால் வெயில் படும் முன்பே படம் எடுத்து, பிளாஸ்டிக் சுற்றி, மெழுகு பூசி, ஆழத்தை எழுதி மூடுங்கள்.