ஹேவ்லாக்ல ஸ்கூபா புக் பண்றதுக்கு முன்னாடி

அந்தமான் போறவங்க ரேட்ட மட்டும் பாத்து டைவ் புக் பண்ணாதீங்க, நான் ஹேவ்லாக்ல சீப்பா கெடச்சுதேன்னு ஒரு எடத்துல போனேன், வாயில கடிச்சுக்கிற ரெகுலேட்டர் ரப்பர் கிழிஞ்சு கெடந்துச்சு, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் உப்புத்தண்ணி. காசு கம்மின்னாலே மோசம்னு இல்ல, படகு சின்னதா இருக்கும், கூட்டமா இருக்கும், அவ்ளோதான். ஆனா ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தன பேரு, படகுல ஆக்சிஜன் கிட் இருக்கான்னு கேளுங்க, மழுப்புனா கெளம்பிடுங்க. சிலிண்டர்ல காத்து எவ்ளோ இருக்குன்னு காட்டுற கேஜ், கெளம்புறதுக்கு முன்னாடி 200 பார் (காத்தழுத்த அளவு) கிட்ட காட்டணும், 150ன்னா வேற சிலிண்டர் கேளுங்க. போட்டோ, வீடியோவுக்கு தனிக் காசான்னும் பாருங்க, அதையும் சேத்தா சில நேரம் பெரிய கம்பெனி ரேட்டே வந்துரும். அப்புறம் டைவ் முடிச்ச அன்னிக்கே ஃப்ளைட் போடாதீங்க, 18 மணி நேரமாவது கேப் விடுங்க.