இரண்டு படங்களை ஒன்றாக்கும்போது ஒட்டு ஏன் தெரிகிறது?

தாத்தாவின் கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ படம் ஒன்று, ஆச்சியின் செல்போன் படம் ஒன்று. ஜோடியாக எடுத்த படமே வீட்டில் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்ற ஆசை பல வீடுகளில் உண்டு. கிம்ப் என்ற இலவச மென்பொருளிலேயே இதை நன்றாகச் செய்யலாம். ஆனால் பார்த்தவுடன் ஒட்டு தெரிந்துவிட்டால் மனசுக்குச் சங்கடமாக இருக்கும்.

முதல் தவறு, மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பலரும் பார்ப்பதில்லை. மூக்கின் நிழல் தாத்தாவுக்கு ஒரு பக்கமும் ஆச்சிக்கு மறுபக்கமும் விழுந்தால், விளிம்பை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் இருவரும் ஒரே அறையில் இருப்பதாகக் கண் ஒத்துக்கொள்ளாது. சரி, ஒரு படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். இடது தோளில் கிடந்த முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். மூக்குத்தி பக்கம் மாறும், வகிடு மாறும், தாத்தாவின் சட்டைப் பை வலப்பக்கம் வந்து நிற்கும். வெளியாள் கவனிக்கமாட்டார். அத்தை பார்த்தவுடன், "என்னமோ எங்கம்மா மாதிரியே இல்லையே" என்பார். கொஞ்சம் அலைந்தாலும் பரவாயில்லை, வேறு படம் தேடுங்கள்.

அடுத்தது அளவு. பாஸ்போர்ட் அளவுப் படத்தை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 830-க்கு 1060 பிக்சல்தான் கிடைக்கும். செல்போன் படமோ 4000-க்கு 3000 இருக்கும். சின்னதை இழுத்துப் பெரிதாக்கினால் முகம் மங்கிவிடும். பெரியதைத்தான் குறைக்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் வாட்ஸ்அப்பில் படம் கேட்டால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் சுருங்கித்தான் வரும்.

ஸ்கேன் செய்த பழைய படம் கிரேஸ்கேலில், அதாவது வண்ணமே இல்லாத கறுப்பு வெள்ளை முறையில் இருந்தால், அதற்குள் கொண்டுவரும் வண்ணப் படமும் சாம்பலாகிவிடும். இமேஜ் மெனுவில் மோட் போய் ஆர்ஜிபி என்ற வண்ண முறைக்கு மாற்றினால் தீர்ந்தது.

அதிகம் பேர் சிக்குவது ரப்பரில்தான். ஒரு படத்தின் மேல் இன்னொன்றைத் தாள் மாதிரி அடுக்குகிறோம்; ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். மேல் லேயரின் வேண்டாத பகுதியை எரேசரால் அழிக்கிறார்கள். காது ஓரத்து முடி கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டால், படத்தை மூடித் திறந்த பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. இதற்காகவே, படத்தை அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கும் லேயர் மாஸ்க் இருக்கிறது. மாஸ்க்கில் கறுப்பு பூசினால் அந்த இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். எக்ஸ் விசையை அழுத்தினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சின்னப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள அசல் படம் தேர்வாகியிருந்தால் கறுப்பு நேரே ஆச்சி முகத்தில் விழும்.

லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற ஒபாசிட்டியை 50-க்குக் குறைத்துவிட்டால் படங்கள் கலந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஆவி மாதிரி தெரிவார்கள், அவ்வளவுதான். விளிம்பை மிருதுவாக்குவதிலும் அளவு வேண்டும். சட்டை, தோள் ஓரத்துக்கு இரண்டு மூன்று பிக்சல் போதும். அதற்கு மேல் போனால் ஆளைச் சுற்றி ஒளிவட்டம் கட்டிவிடும். முடி ஓரத்தை மட்டும் மெல்லிய, மிருதுவான பிரஷ்ஷால் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

வெட்டி முடித்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. பழைய படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கும், புதிய படம் பளிச்சென்று இருக்கும். தாத்தாவுக்கு வண்ணம் பூசப் போகாமல் ஆச்சியைக் கறுப்பு வெள்ளைக்குக் கொண்டுபோவது எளிது, அழகாகவும் இருக்கும். டீசாச்சுரேட் செய்து வண்ணத்தை எடுத்துவிட்டு, வெளிச்சம் இருட்டைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸில் கறுப்பின் ஆழத்தைத் தாத்தா படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஃபில்டர்ஸில் நாய்ஸ், அதாவது பொடிப்புள்ளி, கொஞ்சம் சேர்த்துவிடுங்கள். இருவர் முகத்திலும் ஒரே மாதிரிப் புள்ளி விழுந்தபின்தான் ஒரே கேமரா எடுத்த படம் போல ஆகும்.

கடைசியாக, ஜேபெக்காக மட்டும் சேமித்துவிட்டு மூடாதீர்கள். அதில் லேயரும் இருக்காது, மாஸ்க்கும் இருக்காது. லேயர்களோடு சேமிக்கும் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டு, அச்சுக்கு ஜேபெக்கைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிரிண்ட் வந்த பிறகு, "அப்பாவை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் உட்கார வையேன்" என்று அத்தை கேட்டால் அந்தக் கோப்பைத் திறந்து நகர்த்திக்கொள்ளலாம்.