பழைய காரில் குன்னூர் மலை ஏறி இறங்குவது எப்படி

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. கல்லாறு தாண்டியதும் தொடங்கும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை இன்றைய கார்கள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளுக்கோ இந்தச் சாலை இன்னமும் ஒரு பரீட்சைதான். குன்னூரில் 1489 சிசி அம்பாசடர் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலையில் பழைய கார் படும் பாடுகளில் பெரும்பாலானவை வெப்பத்தால் வருபவை. ஏறும்போது அது இன்ஜினில் சேர்கிறது. இறங்கும்போது பிரேக்கில் சேர்கிறது.

முதலில் ரேடியேட்டரைக் கவனிக்க வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் குன்னூரில் சுமார் 94 டிகிரியிலும் உதகையில் சுமார் 92.5 டிகிரியிலும் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைத்து இந்தக் குறையை ஈடுகட்டுகிறது என்பதால், ஸ்பிரிங் தளர்ந்த மூடியுடன் மலையேறுவது மூடியில்லாத பானையை அடுப்பில் வைத்து ஓட்டுவதற்குச் சமம். மூடி, ஹோஸ், ஃபேன் பெல்ட் மூன்றையும் மேட்டுப்பாளையத்திலேயே பார்த்துவிட்டு, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றை டிக்கியில் வைத்துக்கொண்டு, கூடுமானவரை காலை ஆறு மணிக்கு முன்பே புறப்படுவது நல்லது. சீசன் நாட்களில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து நின்று ஊர்ந்து நிற்கும்போதுதான் பழைய கார் கொதிக்கிறது. சீராக ஓடிக்கொண்டே இருந்தால் அவ்வளவாகக் கொதிப்பதில்லை.

அப்படியும் கொதித்துவிட்டால், ஓரங்கட்டி நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டுக் குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மூடியில் கை வைக்கவே கூடாது. வழியிலுள்ள பர்லியாருக்கு மேலே ஒருமுறை அவசரப்பட்டுத் துணியைச் சுற்றி மூடியைத் திறந்த நான், மணிக்கட்டில் அதன் தழும்பை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறேன். ஆறிய பிறகும் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிடாமல், இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சூடான சிலிண்டர் ஹெட்டில் திடீரெனக் குளிர்ந்த நீர் பட்டால் அது விரிசல் விடக்கூடும்.

அடுத்தது பெட்ரோல். இன்ஜின் மீதே பொருத்தப்பட்ட மெக்கானிக்கல் பம்பு சூடேறும்போது அதற்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும்; ஆவியைப் பம்பால் தள்ள முடியாது என்பதால் வண்டி திணறித் திணறி நின்றுவிடும். நம் ஊர் மெக்கானிக்குகள் இதை ஏர் லாக் என்பார்கள். அதற்கு ஈரத்துணியைப் பம்பின் மீதும் பெட்ரோல் குழாயின் மீதும் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருப்பதைவிடச் சிறந்த வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. இதைவிடக் கவலைப்பட வேண்டியது, பெட்ரோல் பங்குகளில் இப்போது பரவலாகக் கிடைக்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பம்பின் டயாஃப்ரத்தையும் (பெட்ரோலைத் தள்ளும் சவ்வு) எத்தனால் நாளடைவில் ஊறவைத்து நைந்துபோகச் செய்யும் என்பதால், இரண்டையும் எத்தனாலைத் தாங்கக்கூடிய ரகத்துக்கு மாற்றியாக வேண்டும். சூடான இன்ஜினுக்கு மேலே பெட்ரோல் கசிவது விளையாட்டல்ல.

உதகை உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். காற்றையும் பெட்ரோலையும் கலந்துவிடும் கார்புரேட்டருக்கு இது தெரியாது. சமவெளிக்கு உரிய அளவிலேயே பெட்ரோலை விடும். கலவையில் பெட்ரோல் மிகுந்து, பிளக்கின் முனையில் கறுப்பாகக் கரி படிந்து, இழுவை மேலும் குறையும். ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் எதையும் திருகாமல் இருப்பதே மேல். மலையிலேயே வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறியதாகப் போட்டு, பிளக் பொறி விடும் டைமிங்கை இரண்டு டிகிரி முன்னே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே வண்டியைக் கோயம்புத்தூருக்கு ஓட்டிச் சென்றால் வெயிலில் இன்ஜின் தட்டத் தொடங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றுவதைத் தனியே சொல்ல வேண்டும். இந்தக் கார்களின் முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது என்பதால், ஓடும் வண்டியில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு நேராகத் தள்ளினால் கியர் கறகறவென்று அலறும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடி கிளட்சை மிதித்து ஒன்றில் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்று பழைய பஸ் டிரைவர்கள் சொல்வது இதைத்தான். இதை வளைவின் நடுவில் அல்ல, வளைவுக்குள் நுழையும் முன்பே செய்து முடித்துவிட வேண்டும். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைத் தாங்காமல், ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கட்டை கொடுப்பது நல்லது. குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம்; எதிரே வருபவருக்கு அது தெரிந்திருக்கும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

இறக்கம்தான் உண்மையான சோதனை. ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள ஒரு அம்பாசடர் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறுபது லிட்டருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினிடம் ஒப்படைக்காவிட்டால் நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களும்தான் தாங்க வேண்டும். டிரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் பிடிமானத்தை இழக்கும். இறுதியில் பிரேக் ஆயிலே கொதித்துப் பெடல் தரைவரை போய்விடும். டாட் 3 ரக ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாது. ஈரத்தை உறிஞ்சிய பின் அது 140 டிகிரிவரை இறங்கிவிடலாம். எங்கள் ஊர் மூடுபனியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஆயிலை வைத்திருப்பது ஆபத்து.

ஆகவே எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அவர்களுடைய வண்டியில் நான் ஏறுவதில்லை. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது அழுத்தமாக ஒருமுறை பிடித்துவிட்டு உடனே காலை எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் டிரம் ஆறுகிறது. தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அது இதைவிடச் செங்குத்தானது, பழைய காருக்கு ஏற்றதே அல்ல.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்த உபயோக வண்டியை 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி விண்டேஜாகப் பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். விருப்பம்போல் ஓட்ட நினைப்பவர்கள் வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போவதே வசதி. வெளியூர் வண்டிக்கு நீலகிரி இ-பாஸும் வேண்டும்.

கல்லாறில் இறங்கியதும் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைத் தொடாமல் காட்டிப் பார்க்க வேண்டும். இடமும் வலமும் ஒரே சூடாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அங்கே லைனிங்கைத் தாங்கும் ஷூ விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் வேலையே செய்யவில்லை. இரண்டில் எதுவானாலும், மறுபடி மலையேறும் முன் அந்த டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.